ஹோர்ன் வேலை செய்தது

பெயர்: அந்தனி லியோன். வயது: 46. தொழில்: இறப்பர் ஆலையில் மின்வேலை. மணமாகாதவர். முகவரி: மேற்பிரிவு, ஹீன்கந்தைத் தோட்டம், யட்டியாந்தோட்டை. 2008 ஓகஸ்ட் 27, முற்பகல் 10.20 மணிக்குத் தமிழில் சொன்னது. பதிந்தவர்: சார்ஜன்ட் கபூர்.

நான் ஆலையின் பழைய புகைக்கூடத்தை ஒட்டிய அறையில் தனியாக வசிக்கிறேன். அரநாயக்கவில் நான் வேலை செய்த ஆலையை மூடிவிட்டதால் நான்கு வருடங்களுக்கு முன் இங்கே மாற்றப்பட்டேன். லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் கரண்டு போனால் என்னிடம் வருவார்கள், கரண்டு வந்ததும் போய்விடுவார்கள். இம்மாதம் 13ஆம் திகதி இதே நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்துவதற்கு யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் இருந்தது. சென்ற வருடக் கடைசியில் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய ஜப்பான் மோட்டாரைப் பொருத்தி, நான்கு பெட்டரிகளைக் கட்டி, கரண்டில் ஓடும்படி மாற்றினேன். பெட்ரோல் விலை ஏறியது ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாதது பெரிய காரணம். வயர்களையும் பெட்டரிகளையும் கண்டு, குண்டு செய்கிறேன் என்று யாரோ தகவல் கொடுத்ததால் ஜனவரியில் என் அறையைச் சோதனையிட்டார்கள். நான்கு பொலிஸ் உத்தியோகத்தர்கள் இரண்டு மணி நேரம் இருந்தார்கள், தேநீர் போட்டுக் கொடுத்தேன். அந்த அறைக்கு அத்தனை பேர் வந்தது அன்றுதான்.

பெட்ரோலில் ஓடிய காலத்தில் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாதையில் போகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பார்கள், நான் கடந்த பிறகுதான் மறுபடி பேசுவார்கள். மாற்றிய பிறகு சத்தம் இல்லை. பின்னால் நான் வருவது தெரியாமல் அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். அது எனக்குப் பிடித்துப்போனது. அதன் பின்னர் ஆட்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, காலைத் தரையில் உரசிக்கொண்டு, கொஞ்ச தூரம் பின்னாலேயே போவது வழக்கமாயிற்று. யாரைப் பற்றியும் கோள் சொல்வதற்காக அல்ல. பேச்சைக் கேட்பதற்காகவே போனேன்.

12ஆம் திகதி பிற்பகல் சுமார் 1.30 மணிக்கு, இறப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெள்ளையம்மாவும் இருளாயியும் மேற்பிரிவுப் பாதையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவரும் பால்வெட்டும் தொழிலாளர்கள். வெள்ளையம்மா, ருவான்வெல்லையில் தன் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன். ஹோர்ன் அடித்தால் கதை நின்றுவிடும் என்பதால் அடிக்கவில்லை. அதன் பின்னர் அவர், "மாப்பிள்ளை பாதியில எந்திரிச்சுப் போயிட்டான், ஏன்னு கேளேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றார். கதையிலேயே கவனமாக இருந்ததால் நான் நிற்கவில்லை. ஸ்கூட்டர் மோதி அவருடைய இடது கால் முறிந்தது.

அப்போது ஓடிவந்த கங்காணியிடம், "ஹோர்ன் அடிச்சேனுங்க" என்றேன். மறுநாள் இங்கேயும் "நலாவ கெஹுவா" என்று சிங்களத்தில் அதையே சொன்னேன். இரண்டு பெண்களுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டு போனேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஹோர்ன் கேட்கவில்லை என்று இருளாயி சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டாளிக்காகச் சொல்கிறாள் என்றார்கள். அதன் பின்னர் வெள்ளையம்மாவுக்குக் காது மந்தம் என்று தோட்டத்தில் எழுதிவிட்டார்கள். கால் குணமானாலும் மறுபடி பால் வெட்ட விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நேற்று வெள்ளையம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தன்னிடம் கத்திப் பேசுகிறார்கள் என்று அவர் சொன்னார். பிறகு, "நெசமாவே ஹோர்ன் அடிச்சீங்களா தம்பி? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ராவுல முழிச்சுக்கிட்டு, என்னென்ன சத்தம் கேக்குதுன்னு எண்ணிக்கிட்டுக் கெடக்கிறேன்" என்றார். கால் முறிந்ததைவிட இது எனக்குப் பெரிய பாவமாகப் பட்டது.

"அடிக்கலக்கா. நீங்க கதை சொல்லிக்கிட்டுப் போனீங்க, அதைக் கேட்டுக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவர், "ஒரு குரல் குடுத்திருந்தா சேர்ந்தே நடந்திருக்கலாமேங்க" என்றார். அதன் பின்னர் கோபம் வந்து, "மொதல்ல போயி எங் காது நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரண்டுக்கு மாற்றியதால் ஹோர்ன் பழுதாகியிருந்ததா என்று சார்ஜன்ட் கேட்டார். அப்படி எழுதினால் எனக்குக் குற்றம் குறையும் என்றும் சொன்னார். ஹோர்ன் வேலை செய்தது. நான்கு பெட்டரிகளில் ஒன்றிலிருந்து அதற்குத் தனி வயர் இழுத்திருக்கிறேன். ஸ்கூட்டர் இந்த நிலையத்து முற்றத்தில்தான் நிற்கிறது, அமுக்கிப் பார்க்கலாம்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, அத்தனையும் உண்மை. இதன் பிரதி ஒன்றைத் தோட்டத்துக்கும் ஒன்றை வெள்ளையம்மாவுக்கும் அனுப்பும்படி கேட்கிறேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுகிறவர் சத்தம் போட வேண்டியதில்லை. சாதாரணமாக வாசித்தால் போதும், அவருக்குக் கேட்கும்.

(ஒப்பம்) அ. லியோன்