முதலில் மீன்

கயாக்கில், அதாவது ஓர் ஆள் உட்காரும் ஒடுங்கிய துடுப்புப் படகில், மீன் பிடிக்கப் போகிறவர்கள் இருக்கையில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டுக்கொள்வது நல்லது. எவ்வளவு பார்த்து உட்கார்ந்தாலும் பின்பக்கம் நனைந்துவிடும். அக்டோபர் கடைசியில் இந்த ஏரியின் ஈரம் எலும்பு வரை போகும். ஆரினுக்கும் சேர்த்து நான்தான் துண்டு கொண்டுபோவேன். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர். மறதிக்காரர்.

உங்களுக்கு மீன்பிடிப் பழக்கம் இல்லை என்றீர்கள், அதிகாரி. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். நாங்கள் பிடிப்பது டைகர் மஸ்கி. இரண்டு இனங்களைக் கலந்து பண்ணையில் வளர்த்து, லாரியில் கொண்டுவந்து ஏரியில் விடுகிறார்கள். அதற்குச் சந்ததி கிடையாது. கூட்டமாகவும் திரியாது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாசித்திட்டைப் பிடித்துக்கொண்டு ஆயுசு முழுக்கத் தனியாக நிற்கும். தூண்டில் முட்கள் இரண்டு மூன்று தொங்கும் பொய் இரையை எறிந்து இழுத்தால் பின்னாலேயே வரும். படகடி வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டுப் போடுவது போல் சுழற்றிக்கொண்டே இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் கவ்வும். பெரும்பாலான சனிக்கிழமைகளில் வெறுமனேதான் திரும்புவோம். எனக்கு அதில் குறை இருந்ததில்லை. வாரத்தின் மற்ற நாட்களில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

பிடித்த மீனை நாங்கள் யாரும் கொல்வதில்லை. முள்ளை வெட்டி எடுத்து, வாலடியைப் பிடித்துத் தண்ணீரிலேயே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். மூச்சுத் திரும்பி, தானாக உதறிக்கொண்டு போகும் வரை கையை எடுக்கக் கூடாது. ஒருவர் தூண்டிலில் மீன் மாட்டினால் மற்றவர் வலையும் குறடுமாக வந்துவிட வேண்டும். முதலில் மீன், பிறகுதான் மற்றதெல்லாம். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

அன்று காலை கரையில் படகை இறக்கும்போது ஆரின் சொன்னார்.

"வெர்னா, இந்தக் கயாக்க உனக்கே கொடுத்துடறேன். அரிசோனால எம்பொண்ணு வீட்டு நீச்சல் குளத்துல மஸ்கி வராது."

"எப்பப் போற?"

"பனி விழுறதுக்கு முன்னாடி. கார்லீன் எனக்குன்னே ஒரு ரூம் கட்டி வெச்சிருக்கா. இனிமே வாசல்ல பனி அள்ற வேலையெல்லாம் உன்னோடது."

"உனக்கு அந்த வெயில் ஒத்துக்காது."

"என் முட்டி எப்பவோ அங்க போய்ச் சேர்ந்துடுச்சு. நான்தான் பாக்கி."

சிரித்தார். நானும் சிரித்தேன். என்னிடம் கோபம் எதுவும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வடக்கு வளைவில் மீன் கவ்வியது. இத்தனை வருடங்களில் நாங்கள் பார்த்ததிலேயே பெரியது. இரை எறியும்போது தோளை உரசுகிறதென்று ஆரின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகியிருந்தார். பலரும் செய்கிற தவறுதான். நான் துடுப்புப் போட்டுப் போய் மீனை வலையில் வாங்கினேன். அவர் குனிந்து அதன் வாய்ப்பக்கம் கை நீட்டினார். மீன் ஒரு புரள் புரண்டது. இரையில் தொங்கிய ஒரு முள் அதன் வாயில், இன்னொரு முள் அவர் உள்ளங்கையில். அது இழுத்த இழுப்பில் அவருடைய கயாக் கவிழ்ந்தது.

குறடு என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பக்கத்து முள்ளை வெட்டினேன். மீனை வலையிலிருந்து எடுத்து என் படகோரம் நிமிர்த்திப் பிடித்தேன். ஆரின் கவிழ்ந்த கயாக்கின் முதுகை ஒரு கையால் அணைத்துக்கொண்டு கிடந்தார். மறு கை இரையோடு சேர்ந்து வலையில் சிக்கியிருந்தது.

"மீனுக்கு வைத்தியம் பாத்தது போதும், தாயே. இங்க வா." பல் கிட்டித்தது, ஆனாலும் குரலில் சிரிப்பு இருந்தது.

"இரு. அது இன்னும் தெளியல."

"வெர்னா, கை மரத்துப்போச்சு."

"இரு."

பிறகு அவர் என் பெயரை மட்டும் சொன்னார். திரும்பத் திரும்ப. என் பெயரை யாரும் சேர்ந்தாற்போல் அவ்வளவு முறை சொன்னதில்லை. பிறகு சொல்லவில்லை. அந்தக் குளிரில் யாரும் அதிக நேரம் தாங்க மாட்டார்கள், அது அவருடைய பலவீனம் இல்லை.

ஒரு மீன் தெளிய அவ்வளவு நேரமா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் முதல் தடவை கூப்பிட்டபோதே அது வாலை உதறிக்கொண்டு போய்விட்டது. நான் வெறும் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அது இருப்பது போலவே, விரல் வளைவைக்கூட மாற்றாமல்.

அவருடைய கயாக்கை அணைப் பக்கம் இழுத்துப் போய் விட்டதும் நான்தான். உங்கள் ஆட்கள் அங்கே வீணாக முக்குளித்தார்கள், அதற்கு வருந்துகிறேன். வடக்கு வளைவில் ஆழம் அதிகம். அடித்தண்ணீரின் குளிருக்கு உடல் மேலே வராது. தேடாமல் விட்டுவிட்டால் நல்லது.

கார்லீன் அவரை அரிசோனாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யக் காத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் அப்பாவுக்கு இந்த ஏரியை விட்டுப் போக மனசே இல்லை. வாய்விட்டு அவர் சொல்லவில்லைதான். பக்கத்திலேயே இருந்தவளுக்குத் தெரியாதா?