கதவில் போட்ட குறி

கரியாஹாட்டில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள், சுற்றிலும் வங்காளிகள்தான், யாருக்கும் புரியாது என்று தமிழில் சத்தமாகப் பேசினார்கள். என் தலையெழுத்து, எனக்குப் புரிந்தது.

“நான் போட்ட சாக்பீஸ் குறியால ஒரு குடும்பமே போயிடுச்சுடி.”

“என்னடி உளர்றே?”

“என்ஜிஓ இன்டர்ன்ஷிப்புக்காக டாக்குரியா ரயில் லைன் ஓரக் குடிசைகள்ல, டிராயிங் கிளாஸுக்குப் பசங்களைச் சேர்த்தேன். சேர்ந்த வீட்டுக் கதவுல குறி போட்டேன். வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி ரயில்வேக்காரங்களும் அப்படித்தான் குறி போடுவாங்களாம். மறுநாளே, மிட்டுன்னு ஒரு பையன் வீட்டுல அதைப் பார்த்துப் பயந்து மூட்டை கட்டிட்டாங்க. எங்கே போனாங்கன்னு தெரியலை.”

“ஆபீஸ்ல உன் மேடம்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். மிட்டு பேர் லிஸ்ட்ல அப்படியே இருக்கட்டும், அடுத்த குடிசைப் பகுதியில சாக்பீஸ் வேண்டாம்னாங்க.”

“அப்புறம்?”

அவள் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே கட்டுக்கட்டாக, கதவில் ஒட்டும் ஸ்டிக்கர்கள்.