உதட்டைப் பார்க்கும் ஊர்

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, வந்தது முதல் கைக்கடிகாரத்தையே கண்ணிமைக்காமல் காத்துவரும் பேருந்து அதிகாரி அவர்களே, பெரியோர்களே, தலையில் பஞ்சோடு தறிக்கொட்டகையிலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையிலிருந்து "சீக்கிரம் முடிங்க" என்று வாயசைக்கும் என் இல்லத்தரசியே, அனைவருக்கும் இந்தத் தறி மெக்கானிக்கின் தலைதாழ்ந்த வணக்கம்!

ஊரில் பார்க்க ஏதேனும் இருந்தால்தான் இனிப் பேருந்து உள்ளே வருமாம். ஆகவே ஊர்ப் பெருமையை உரைக்க என்னை ஏற்றிவிட்டார்கள். ஆலையில்லா ஊருக்குத்தான் இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கே ஆலை இருந்தும் நான்தான் கிடைத்தேன்!

வரலாறு வேண்டுமா? ஆலை வருமுன் இங்கே என்ன இருந்தது? பொட்டல் இருந்தது. ஆலை வந்தபின்? பொட்டலில் ஆலை இருந்தது. வரலாறு முடிந்தது. கைதட்டாதீர்கள் ஐயா, பேச்சே முடிந்ததென்று அதிகாரி எழுந்துவிடுவார்!

காட்சிகள் இல்லையா? சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு குட்டை. திங்களன்று சிவப்பு, செவ்வாயன்று நீலம். வாத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன சாயம் என்று சொல்லிவிடலாம். அடுத்து, ஆலை நிறுவனரின் சிலை. சிற்பிக்கு நாம் அனுப்பியது குழுப்படம். அதில் கம்பீரமாக நின்றவரை அவர் செதுக்கிவிட்டார். நின்றவர் கேன்டீன் சமையல்காரர்! போகட்டும், சோறு போட்டவர்தானே?

ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? சிலைக்கா? இல்லையா? எனக்குப் பின்னாலா? என் இல்லத்தரசியே, அதிகாரி என்னம்மா சொல்றாரு?

"இந்தக் குட்டையப் பாக்கவா பஸ்ஸு? நிறுத்திரலாம்னு தலைவர் காதுல சொல்றாருங்க."

அதிகாரி அவர்களே, திடுக்கிடாதீர்கள்! நீங்கள் காதோடு காதாகச் சொன்னது காற்றுக்கும் கேட்கவில்லை. ஆனால் ஊரே பார்த்துவிட்டது. தறி இரைச்சலில் காதைத் தொலைத்தவர்கள் நாங்கள். பத்துத் தறி தாண்டியும் உதட்டைப் பார்த்தே பேசுகிறவர்கள். அன்று நான் பத்துத் தறி தள்ளி நின்று, என் இல்லத்தரசி இவளிடம் வாயசைத்தே காதலைச் சொன்னேன். இவள் பதில் வருமுன் இவள் அண்ணன் பதில் வந்தது, இந்தக் கன்னத்தில்! தலைவரைப் பாருங்கள், உள்ளூர்க்காரர். வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். குட்டையை யாரும் பார்க்க வேண்டாம். சமையல்காரரையும் பார்க்க வேண்டாம். காலைப் பேருந்தில் என் மகள் செவிலியர் பள்ளிக்குப் போகிறாள். காது கேளாத ஊரில் பிறந்து, பிறர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கப் போகிறவள் அவள்! பேருந்து வராவிட்டால் அவள் எங்கே நிற்பாள்? தறிமுன் நிற்பாள். அவள் காதும் போகும். எங்கள் காது போனது போதாதா? அவள் காதையாவது காப்பாற்ற வேண்டாமா?

என்ன, திடீரென்று இத்தனை கைதட்டல்? முத்தாய்ப்பே இன்னும் வைக்கவில்லையே! மறுபடி பின்னாலா? என்னம்மா?

"பஸ்ஸு வரும்னு சொல்லிட்டாருங்க!"

தலைவர் காதிலா?

"இல்லீங்க. எங்க பக்கம் திரும்பி, சத்தமில்லாம, வாயை மட்டும் அசைச்சு. நீங்க மேல பேசிக் கெடுத்துராதீங்க, எறங்குங்க."

அதிகாரி அவர்களே, ஒரே மாலையில் எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டீர்கள்! என் பேச்சைக் கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காமல் பார்த்தவர்களுக்குப் பெருநன்றி. வணக்கம்!