கால் இரைந்த சத்தம்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் பேருந்தில், மதுரை ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனை முடிந்து திரும்பும் ஒரு கரிசல்காட்டுச் சம்சாரியும் அவர் மனைவியும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோதனை அறைக்குள் மனைவியை விடவில்லை போலும்.

"ஏட்டி, என் கால் இரையுதத நானே கேட்டேன். தொடையில ஊசியக் குத்தி, வயர மெஷின்ல மாட்டுனாவ. தகரத்துல மழ விழுத மாதிரி சத்தம்."

"அப்போ காலுல உசுரு இருக்குல்லா?"

"நானும் அப்படித்தான் நெனச்சுச் சிரிச்சேன். அசைக்காம வச்சிருந்தா சத்தமே வரக்கூடாதாம். நரம்பு செத்தாத்தான் தச அப்படி இரையுமாம்."

ஆஸ்பத்திரி அறிக்கைகளில்கூட இவ்வளவு தெளிவாக எழுத மாட்டார்கள்.

"இனி ஏர் பிடிக்க முடியாது. காளைகள வித்துருவோம்."

"வித்து ஒரு மாசம் ஆச்சு," என்றாள் அவள். "காட்டுல மாட்டுத் தொழு வரைக்கும் நீங்க நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."