ஒற்றை ஆள் கூடாரம்

மலையேறக் கூடாரம் வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்கக் கூடாது ஐயா, எடையைப் பார்க்க வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கி, தராசில் வைத்துப் பார்த்துத்தான் நான் இதை எடுத்தேன். ஒரு கிலோகூட இல்லை. தனிக் கம்பி கிடையாது. ஊன்றி நடக்கிற கைத்தடியையே நடுவில் நிறுத்திக் கட்டிக்கொள்ளலாம்.

தங்கை வீட்டுக்காரரும் கடைக்கு வந்திருந்தார். உள்ளே புகுந்து படுத்துப் பார்த்துவிட்டு, “என்ன மச்சான், சவப்பெட்டிக்கு ஜிப் வச்ச மாதிரி இருக்கு? கொட்டாவி விட்டா கிழிஞ்சிடும் போல,” என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கோபப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய பழைய கூடாரம் இருவர் படுக்கிற அளவு. செங்கல் மூட்டை மாதிரி கனம். மலை ஏறும்போது அதைச் சுமந்து பத்தடிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு நடை கெட்டது. வழியில் வனக் காவலர் குடிசை வந்ததும் சொன்னேன்: “மாப்பிள்ளை, இதை இங்கயே போட்டுட்டு வாங்க. என்னோடதுல ரெண்டு பேரும் சுருண்டுக்கலாம்.”

“நெசமா இடம் இருக்குமா?”

“இருக்கும்.”

நம்பினார். யாரையும் நம்புகிற மனுஷர்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. என் தடி பாறையிடுக்கில் மாட்டி முறிந்தது. அவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. ஆனாலும் கேட்டதும் தன் தடியை நீட்டினார். “சீக்கிரம் கட்டுங்க மச்சான், பல்லு தந்தி அடிக்குது.”

கட்டினேன். உள்ளே போனேன். ஜிப்பை இழுத்தேன்.

“விளையாடாதீங்க மச்சான்,” என்று சிரித்தபடியே கையை நுழைத்தார். இந்த ரகத்தில் ஜிப்தான் சீக்கிரம் கெடும். அதனால் கல்லெடுத்து அவர் விரல்களைத் தட்டினேன். எலும்பு நொறுங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு தடியைப் பிடித்து இழுத்தார். துணி கிழிந்துவிடுமே. வெளியே வந்து அதே கல்லால் தலையில் அடித்தேன், அவர் கை தளரும்வரை. பிறகு நன்றாகத் தூங்கினேன்.

தங்கையிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா. இடம் இருந்திருந்தால் அவரைக் கட்டாயம் உள்ளே கூப்பிட்டிருப்பேன். பக்கத்தில் என் பை இருந்தது. நனைந்தால் அது கனத்துவிடும்.