ஆலைத் தீ பற்றிய பக்கம்

உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது, இசக்கித்தாய். வாத்தியாராக இருந்தவனுக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். வரிசையாகவே பதில் சொல்கிறேன்.

1997-இல் வட்டாரக் களஞ்சியம் தொகுத்தபோது, ஊருக்கு ஒருவராக நாற்பது பேர் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். தன் வீட்டுச் சங்கதியை மட்டும் எவரும் எழுதக் கூடாது. அது தொகுப்பாளனான நான் போட்ட விதி. சொந்தக்காரன் கை பட்டால் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அப்போதுதான் உன் அப்பா கொம்பையா வண்ணார்பேட்டை அலுவலகத்துக்கு வந்தார். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் என் சித்தப்பாவின் அரிசி ஆலையில், 1975 தீவிபத்தில் ஆறு பெண்கள் இறந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருந்தார். அந்த ஆறில் ஒருத்தி உன் அம்மா முத்துராணி. வேலை நேரத்தில் தூங்கிவிட்டார்கள் என்று ஆலை சொன்னதைத்தான் ஊர் நம்பியிருந்தது.

"யாரு பூட்டுனான்னு நான் கேக்கல அண்ணாச்சி. வெளிய பூட்டிக் கெடந்துச்சுன்னு ஒரு வரி போடுங்க. அம்மா தூங்கியா செத்தான்னு எம்மவ இன்னைக்கும் கேக்கா," என்றார்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இறந்தவளின் கணவர். விதியைச் சொல்லிப் பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன், அவர் குடிக்கவில்லை.

நானும் விலகினேன் என்பதை நீ மறக்கக் கூடாது. சித்தப்பா ஆலை என்று எழுதிக் கையெழுத்திட்டு, குருபிரசாத் என்ற வெளியூர்க்காரரிடம் அந்தப் பதிவை ஒப்படைத்தேன். ஆலைக் காகிதங்களை மட்டும் கொடுத்தேன். தூங்கினார்கள் என்றே அவர் எழுதினார். வெளியீட்டு விழாவில் என் நேர்மையைப் பாராட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது.

இனி நீ கேட்டது. மடியில் அரிசி போய்விடும் என்று, புடைக்கும் கொட்டகையை வேலை முடியும்வரை வெளியே பூட்டுவது ஆலை வழக்கம். அன்று சித்தப்பாவுக்குப் பதிலாக ஆலையைப் பார்த்துக்கொண்டது நான்; சாவி என்னிடம் இருந்தது. கதவைத் தட்டியது நன்றாகவே கேட்டது. திறந்தால் காற்று புகுந்து நெல் கிடங்குக்கும் தீ தாவும் என்று யோசித்தேன். நெல் முழுவதும் தப்பியது. உன் அம்மா தூங்கவில்லை. கடைசியாக ஓய்ந்த குரல் அவளுடையது.

இதைக் களஞ்சியத்தில் சேர்க்க வழியில்லை, அம்மா. சொல்பவன் நான், கேட்பவள் நீ. சம்பந்தமில்லாத யாராவது அங்கே நின்று பார்த்திருந்தால், அவர் தாராளமாக எழுதலாம்.

இப்படிக்கு,
அம்மையப்பன்