கூடைக் கயிறு போட்ட கம்ப்யூட்டர்

— மலையகத்துச் சரித்திரத்த இனிமே ரெண்டாத்தான் பிரிப்பாங்க, பெற்றீசியா. நாளைக்குப் பூசை முடிஞ்சி நான் இந்தக் கஸ்பர் கம்ப்யூட்டர் வகுப்பத் தொறக்கிறதுக்கு முந்தி, தொறந்ததுக்குப் பொறவு. விளங்குதா?

— அப்பிடீங்களாண்ணே. அந்தச் சரித்திரத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க. இந்தக் கூடைய எறக்கணும், தோள் கடுக்குது.

— என்னா புள்ள இது? ஹட்டன் டவுன்ல, கண்ணாடிக் கதவு போட்ட வகுப்புக்குள்ள, தேயிலைக் கொழுந்துக் கூடை!

— உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. வட்டகொடையில இருந்து ரயில்ல மடியில வச்சிக் கொண்டாந்தேன்.

— நம்ம கோயில் பாதர் இத்தாலிக்குப் போறப்ப ஒனக்கு விட்டுட்டுப் போன டப்பாவா? அத இன்னும் தூக்கிப் போடலியா?

— எதுக்குத் தூக்கிப் போடணும்? பாதருக்கு எழுதிப் போட்டு மெமரிப் பெட்டி ஒன்னு வரவழைச்சி, பின்னால சொருகிட்டேன். முந்தி கொஞ்சம் அடிச்சாலே மூச்சு முட்டி நின்னுரும். இப்ப பக்கம் பக்கமாத் தாங்குது. தேய்ஞ்சி போன எழுத்துக்கெல்லாம் கியூடெக்ஸ் பூசி எழுதியிருக்கேன், பாருங்க.

— பேஷ். பொணத்துக்கு நகப் பூச்சு பூசியிருக்க. இடுப்புல என்னா, அரணாக்கொடியா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. முந்தாநேத்து வீட்டுல நான் கட்டுறப்பவே வாசப்படியில நின்னு சிரிச்சீங்கதானே. இந்தக் கூடையோட தலைக் கயிறு. அந்த மெமரிப் பெட்டி லேசா அசைஞ்சாலே அடிச்சதெல்லாம் அழிஞ்சி, அதோட மாட்டுற டீவி வெறும் வெள்ளையாப் போயிரும். அதான் சுத்தி இறுக்கியிருக்கேன்.

— நல்லாக் கேட்டுக்க. கயிறு கட்டுனா அதுக்குப் பேரு கம்ப்யூட்டர் இல்ல. ஆடு.

— ஆடாம இருக்கத்தான் கட்டியிருக்கேன்.

— வாய் மட்டும் புதுசு. அங்க பாரு, அந்த வெள்ளை விரிப்புக்கு அடியில. போன கெழமை கொழும்புல இருந்து வந்து எறங்குனது. அதுக்குப் பேரு கம்ப்யூட்டர்.

— விரிப்ப எடுங்க, பாப்போம்.

— நாளைக்குப் புதுப் பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சதுக்குப் பொறவுதான்.

— கம்ப்யூட்டர் மேலயா தண்ணி தெளிப்பாங்க?

— விரிப்பு மேல. எல்லாத்தையும் யோசிச்சிருக்கேன்.

— அப்பிடீங்களாண்ணே. இன்னொன்னும் யோசிங்க. ரெண்டாவது மேசை சும்மாதானே கெடக்கு. என்னோடத அதுல வச்சி, நம்ம தோட்டத்து நாகலெட்சுமிக்கு ஒரு எடம் குடுங்க.

— எடமில்ல. ஒரு கம்ப்யூட்டர்தான். டவுன் புள்ளைங்களே வரிசையில நிக்கிதுங்க.

— அதுக்குத்தானே இத சொமந்துக்கிட்டு வந்திருக்கேன்! அவ அப்பன் மாயாண்டி முடிவாச் சொல்லிட்டாரு. வகுப்புல எடமில்லேன்னா திங்கக்கெழம தோட்டத்துல வேலைக்குப் பேரு பதிஞ்சிருவாராம். பதிஞ்சா அவ்வளவுதான். காலையில பேரு கூப்புடுற பெரட்டு, பொறவு கொழுந்து மலை. கெட்டிக்காரப் புள்ளண்ணே.

— அதுக்காகச் சரித்திரத்துக்குப் பக்கத்துல ஆட்டக் கட்டணுமா? கடை மொதலாளிமாரு பொஞ்சாதி புள்ளைங்களோட வர்றாங்க. பாத்தா வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. பழச ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் நம்ம ஆளுங்க இன்னும் லயத்து வீட்டுலயே... ஐயோ, லொறி!

— எங்க ஓடுறீங்க? மரம் ஏத்துன லொறி அது பாட்டுக்குத் தரை அதிர ரோட்டுல போகுது. நீங்க எதுக்கு மேசையக் கட்டிப் புடிக்கிறீங்க?

— பாசம்.

— விரிப்போட சேத்தா?

— புதுச் சாமான் மேல அப்பிடித்தான் பாசம் வரும். ஒனக்கு எங்க தெரியப் போகுது? நீ வாழ்நாள்ல புதுசா என்னா வாங்கியிருக்க?

— சரி, நான் வாங்கல. ஆனா அந்தப் புள்ளையோட அம்மா மீனம்மாவ நெனச்சிப் பாருங்க. முந்தாநேத்து மலையில இருந்து நேரா நம்ம வீட்டுக்கு வந்து, கூடைய வாசல்ல வச்சிட்டு, மகளுக்கு ஒரு எடம் குடுங்கன்னு ஒங்ககிட்ட எவ்வளவு கெஞ்சினா.

— கவனிச்சேன். ரொம்பப் பழைய கூடை.

— அவ திரும்பிப் போறப்ப கூடையில கயிறு இல்ல. யாரோ அவுத்துட்டாங்க. நேத்து தலையில மாட்ட வழியில்லாம, கூடைய இடுப்புல இடுக்கிக்கிட்டு மலை ஏறியிருக்கா. ஒரு கையால எவ்வளவு கொழுந்து எடுக்க முடியும்? கங்காணிகிட்ட ஏச்சு வாங்கி, அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் போட்டாங்களாம்.

— கயித்தக்கூட திருடுறானுங்க பாரு! இந்தச் சமுதாயத்துக்குத்தான் நான் விஞ்ஞானம் சொல்லிக் குடுக்கப் போறேன்.

— அவ இன்னைக்கும் தேடிக்கிட்டு இருக்காண்ணே.

— தேடட்டும். நீ ஒன்னோட ஆட்ட ஓட்டிக்கிட்டு அடுத்த ரயிலப் புடி. கண்ணாடிக் கதவுல கூடை இடிக்காம... அடச்சே, இன்னொரு லொறி!

— அண்ணே, விரிப்பு சரியுது!

— தொடாத! நீ தொடாத!

— நான் தொடல. அதுவா விழுந்திருச்சி.

— அந்தப் பக்கம் திரும்பு.

— அண்ணே.

— ம்.

— ஒங்க சரித்திரத்துக்குப் பின்னாலயும் ஒரு மெமரிப் பெட்டி சொருகியிருக்கு.

— அது... கடைக்காரன் குடுத்தது. இது வேற ரகம்.

— அதச் சுத்தி ஒரு கயிறும் இருக்கு.

— கடைக்காரன்...

— கொழுந்துக் கறை புடிச்ச கயிறு. நடுவுல செவப்புச் சீலைத் துணி சுத்தியிருக்கு. மண்டையில உறுத்தக் கூடாதுன்னு மீனம்மா சுத்துனது. இதுவும் கொழும்புல இருந்தா வந்து எறங்கிச்சி?

— மெதுவாப் பேசு புள்ள. கண்ணாடிக் கதவு, வெளிய கேக்கும்.

— கேக்கட்டும். நாளைக்கு மீனம்மாவ முன் வரிசையில ஒக்கார வைக்கிறேன். தீர்த்தம் தெளிச்சி விரிப்ப எடுக்கிறப்ப அவளே பாக்கட்டும்.

— பெற்றீசியா, வேணாம். நாகலெட்சுமி வரட்டும். ரெண்டாவது மேசைய எடுத்துக்க.

— அவ வந்தா ஒரு நாளைக்கு மட்டுமா?

— முடியிற வரைக்கும். சத்தியமா.

— மீனம்மாவோட கயிறு?

— அவளுக்குப் புதுக் கயிறு நானே வாங்கிக் கொண்டு போய்க் குடுத்து, நான்தான் எடுத்தேன்னும் சொல்லிடுறேன்.

— எதுக்குப் புதுசு? இதையே அவுத்துக் குடுத்தாப் போச்சி.

— இது இங்கயே இருக்கட்டும் புள்ள. பழகிருச்சி. நீ... ஒன்னோடதுல போட்ட அந்த முடிச்ச மட்டும் கொஞ்சம் காட்டு. நான் போட்டது லொறிக்கு லொறி அவுந்து போகுது.